மூன்று முத்திரை வாங்கிய பொய்

என் கணவர் ஆப்பிரிக்காவில் இறந்து போன பிறகு, அவர் அங்கே ஆஸ்பத்திரியில் உயிரோடு இருக்கிறார் என்று நான் ஒரு பவர் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். தெரிந்து போடவில்லை. எனக்குத் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகவே அந்தப் பத்திரத்தை அப்படி எழுதினார்கள். அதற்கு நோட்டரி வக்கீல் ஒரு முத்திரை வைத்தார். சென்னையில் மாநில அரசு ஒரு முத்திரை வைத்தது. வெளியுறவுத் துறை அதன் முதுகில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி, அதற்கும் ஒரு முத்திரை குத்தியது. என் கல்யாணத்துக்குக் கூட இத்தனை சாட்சி கிடையாது.

பவர் என்றால் நம் சார்பில் இன்னொருவர் காரியம் பார்க்க நாம் எழுதிக் கொடுக்கும் அதிகாரம். காடு தோட்டம் விற்க எழுதுவார்கள், கேஸ் நடத்த எழுதுவார்கள். நான் எழுதிக் கொடுத்தது என் கணவரை ஊருக்குக் கொண்டுவர. அவர் வந்து சேர்வதும் சேராததும் அந்தக் காகிதத்தில்தான் இருந்தது. இதை நான் சொல்லத் தொடங்கினால் எங்கள் சொந்தக்காரர்கள் உடனே, "உனக்கு நல்லதுன்னுதானே செஞ்சாங்க" என்பார்கள். அந்த நல்லதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர், புதுச்சத்திரத்திலிருந்து ராசிபுரம் போகும் வழியில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. என் கணவர் ரிக் வண்டியில் ட்ரில்லர். ஆழ்துளைக் கிணறு போடும் போர் வண்டியைத்தான் இந்தப் பக்கம் ரிக் என்கிறோம். திருச்செங்கோட்டு ரிக் போகாத மாநிலம் இல்லை. கல்யாணமான புதிதில் அவர் மத்தியப் பிரதேசத்தில் இருந்தார், பிறகு சத்தீஸ்கர், பிறகு ராஜஸ்தான். எல்லா இடத்திலும் தண்ணீர் கீழே போய்விட்டதும் வண்டிகளை ஆப்பிரிக்காவுக்குக் கப்பலில் ஏற்றிவிட்டார்கள். "இங்க ஆயிரம் அடி போனாலும் புழுதிதான் பறக்குது. அங்க எரநூறடியில தண்ணி பீச்சிக்கிட்டு வருது புள்ள" என்று போனில் சொல்வார். தண்ணீரைப் பார்த்தால் அவருக்கு ஒரு சந்தோஷம். ஊர் பேர் தெரியாத யாருக்கோ தண்ணீர் வந்ததற்கு இவர் எனக்குப் போட்டோ அனுப்புவார். எந்த நாடு என்று எழுதப் போவதில்லை. அந்த நாட்டின் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. என் கோபமெல்லாம் உள்ளூரில்தான்.

எங்களுக்கு ஒரே மகள். நாமக்கல் பக்கம் விடுதியோடு சேர்ந்த பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். கோழிப் பண்ணையில் விடியுமுன்னே லைட்டைப் போட்டு முட்டை வைக்கப் பழக்குவது மாதிரி, அங்கே லைட்டைப் போட்டுப் பிள்ளைகளைப் படிக்க வைப்பார்கள். போன் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வார்டன் ரூமிலிருந்து கொஞ்ச நேரம் பேசலாம், இல்லை நேரில் போய்ப் பார்க்கலாம்.

கோழிப் பண்ணையைச் சொல்கிறேனே, நானே ஒரு பண்ணை ஆபீஸில் கணக்கு எழுதுகிறவள்தான். பி.காம். படித்தேன். இங்கிலீஷ் பேச வராது, படித்தால் புரியும். தீவனக் கம்பெனி லெட்டர், லேப் ரிப்போர்ட், பேங்க் கடிதம் எல்லாம் நான்தான் படித்து முதலாளிக்குச் சொல்வேன். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. நான் படிக்கத் தெரியாதவளாக இருந்திருந்தால் என் கணவர் ஊருக்கு வந்து சேர்ந்திருப்பார்.

ஒரு சனிக்கிழமை காலையில் என் கணவரின் அண்ணனும் அவர் சம்சாரமும் வீட்டுக்கு வந்தார்கள். நான் டிபன் பாக்ஸ் கட்டிக்கொண்டிருந்தேன். அவர் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"அம்மிணி, பயந்துக்காத. தம்பிக்கு அடிபட்டுப் போச்சாமா. பைப்பு சரிஞ்சு கால்ல உழுந்துருச்சாம். ஆஸ்பத்திரில வெச்சுப் பாக்கறாங்க."

"பேச முடியுங்களா மாமா?"

"மயக்க ஊசி போட்டிருக்குதாமா. அவன் போனும் ஒடஞ்சு போச்சு. ரெண்டு நாளு போவட்டும், பேசலாம்."

பைப் சரிந்தது உண்மை. விழுந்தது காலில் அல்ல. அவர் அந்த இடத்திலேயே, முந்தின நாள் சாயந்தரமே இறந்துவிட்டார். அண்ணன் என் வாசலில் நின்று பேசும்போது அது ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும்.

லாரிக்காரர்களும் ரிக்காரர்களும் இருக்கிற எங்கள் ஊர்களில் இது ஒரு வழக்கம். வெளியூரில் ஒருவன் இறந்தால் பெண்டாட்டிக்கு உடனே சொல்ல மாட்டார்கள். "கொஞ்சம் சீரியஸு" என்று சொல்லி வைப்பார்கள். பாடி ஊர் எல்லைக்கு வந்த பிறகு நாலு பெண்கள் வந்து ஆளுக்கொரு பக்கம் அவள் கையைப் பிடித்துக்கொள்வார்கள். அப்போதுதான் அவளுக்குத் தெரியும். அதுவரை அவள் தலை சீவி, பொட்டு வைத்து, சோறு தின்றுகொண்டிருப்பாள். ராய்ப்பூரிலிருந்தோ ஜோத்பூரிலிருந்தோ ஆம்புலன்ஸ் வருவதற்கு இரண்டு மூன்று நாள். அவ்வளவு நாள் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க எங்கள் ஆட்களுக்குத் தெரியும். இந்த வழக்கம் எனக்கும் தெரியும். தெரிந்தும், அது என் வாசலுக்கு வந்து நின்றபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை.

ஆனால் ஆப்பிரிக்காவிலிருந்து ஆம்புலன்ஸ் வராது. அங்கே வண்டிகளைப் பார்த்துக்கொள்ளும் மேனேஜர் ராசிபுரத்துக்காரர். அவர் அண்ணனுக்குப் போன் செய்து, உடலைப் பெற்று விமானத்தில் அனுப்ப மனைவி தன் பேருக்குப் பவர் எழுதித் தர வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். வெறும் நோட்டரி கையெழுத்து செல்லாது, மாநில அரசும் மத்திய அரசும் உறுதி செய்திருக்க வேண்டும். மகள் மைனர். அதனால் நான்தான் போட வேண்டும்.

அண்ணன் தோட்டத்து மோட்டார் ரூமில் உட்கார்ந்து பெரியவர்கள் யோசித்திருக்கிறார்கள். பிறகு ஒவ்வொருவராக என்னிடம் சொன்னதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். என்னிடம் சொல்லிவிடலாம் என்று ஒருவர் கூடச் சொல்லவில்லையாம். நானே போட்ட மாதிரி கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று ஒருவர் சொல்ல, அண்ணன் கோபப்பட்டிருக்கிறார். கள்ளக் கையெழுத்து என்பது அவர் பரம்பரைக்கே ஆகாதாம். அவ்வளவு யோக்கியர். சரி, இங்கிலீஷில் எழுதிக் காட்டினால் படித்துவிடுவாளே என்று ஒரு பெரியப்பா கேட்டிருக்கிறார். கடைசியில் வழி கண்டுபிடித்தது அண்ணன்தான். ஆள் ஆஸ்பத்திரியில் இருப்பதாகவே எழுதிவிடலாம். அவரைக் கூட்டிவர மேனேஜருக்குச் சகல அதிகாரமும் கொடுப்பதாக எழுதினால், "சகலத்துல பாடியும் அடங்கிருமல்லோ" என்று கேட்டாராம். எல்லோரும் அடங்கும் என்றார்களாம். காடு கரை பவர்களைப் பார்த்துப் பழகியவர்கள். சகல அதிகாரம் என்று இருந்தால் எதையும் செய்யலாம் என்று நம்பியிருக்கிறார்கள்.

திங்கட்கிழமை நாமக்கல் கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டரி வக்கீலிடம் என்னைக் கூட்டிப் போனார் அண்ணன். அவர் முன்னாலேயே வந்து பேசிவிட்டுப் போயிருந்தார். அது எனக்குத் தெரியாது. வக்கீலுக்கு என் வயதுதான் இருக்கும். டைப் அடிக்கிற பெண் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போனாள். பத்திரத்தை என் கையில் கொடுத்து, "படிச்சுப் பாருங்கம்மா, அவசரமில்ல" என்றார் வக்கீல்.

நான் வரி வரியாகப் படித்தேன். என் கணவர் விபத்தில் காயம்பட்டு சிகிச்சையில் இருக்கிறார், அவருடைய சிகிச்சைக்கும் பயணத்துக்கும் ஊர் திரும்புவதற்கும் வேண்டிய சகலமும் இன்னார் செய்யலாம், அவர் செய்வதெல்லாம் நானே செய்ததாக ஏற்றுக்கொள்கிறேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கு ஒரு பயம் இருந்தது. ராத்திரியெல்லாம் அதை நினைத்துத் தூங்கவில்லை.

"இதுல ஒரு வரி சேக்கணுங்க" என்றேன்.

"என்னங்கம்மா?"

"கால எடுக்கறதா இருந்தா என்னையக் கேக்காம எடுக்கக் கூடாதுன்னு எழுதணுங்க."

வக்கீல் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார்.

"அதெல்லாம் டாக்டருங்க பாத்துக்குவாங்கம்மா."

"இல்லீங்க. அவரு நாள் பூரா ரிக்குல நிக்கற ஆளு. கால் இல்லாம ஊட்டுல உக்காருன்னா செத்துப் போயிருவாருங்க. போன்ல என்னையக் கேக்கட்டும். நான் அவர்கிட்டப் பேசிச் சொல்றேன்."

வக்கீல் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு அந்த வரியைச் சேர்க்கச் சொன்னார். டைப் அடிக்கிற பெண் அடித்தாள். இறந்த மனிதனின் காலை என்னைக் கேட்காமல் எடுக்கக் கூடாது என்று அந்த ரூமில் மூன்று பேர் தெரிந்தே எழுதினார்கள். பென்சிலில் பெருக்கல் குறி போட்டிருந்த இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். போட்டோவை ஒட்டி அதன் மேலும் பாதி விழுகிற மாதிரி போடச் சொன்னார். போட்டேன்.

வெளியே வந்ததும் அண்ணன் எனக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தார். வேண்டாம் என்றாலும் விடவில்லை.

மீதி முத்திரைகளுக்குச் சேலம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஏஜென்ட். வெளிநாடு போகிறவர்களின் சர்டிபிகேட்டுகளைச் சென்னைக்கு அனுப்பி முத்திரை வாங்கித் தருவது அவருக்குத் தொழில். ஏஜென்டிடம் கொடுத்தாயிற்று, போன் வரும் என்று அண்ணன் சொன்னார். நான் கேட்கவில்லை. பஸ் ஏறிப் போய் அந்தக் கடையில் உட்கார்ந்துகொள்வேன். சீக்கிரம் முடித்துக் கொடுங்கள் என்று உயிரை எடுப்பேன். அவர் பொறுமையான மனிதர். பத்திரத்தை ஒரு தடவை படித்திருந்தார்.

"கால்தானுங்க அக்கா. இந்தக் காலத்துல பிளேட்டு வெச்சு நடக்க வெச்சுடறாங்க. எம் மச்சினன் லாரி ஏறி எந்திரிச்சவன். இப்ப கபடி ஆடறான்" என்றார்.

அந்த நாட்களில் எனக்கு மனசார ஆறுதல் சொன்னவர் அவர் ஒருவர்தான். ஏனென்றால் அவருக்கு விஷயம் தெரியாது.

சென்னையில் இருப்பவர்கள் பத்திரத்தைப் படித்துவிட்டு ஏதாவது கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார்களா என்று அவரிடம் கேட்டேன். அவர் சிரித்தார். அவர்கள் உள்ளே படிக்கவே மாட்டார்களாம். நோட்டரியின் கையெழுத்து நோட்டரியுடையதுதானா என்று மாநில அரசு பார்க்கும். மாநில அரசு ஆபீசரின் கையெழுத்து அவருடையதுதானா என்று மத்திய அரசு பார்க்கும். "உள்ள என்ன எழுதியிருக்குதுன்னு யாருக்குங்க வேணும்" என்றார். அன்றைக்கு எனக்கு அது நிம்மதியாக இருந்தது.

ஊரில் எல்லோரும் என்னிடம் ரொம்பப் பிரியமாக நடந்துகொண்டார்கள். கேட்டாலே லீவு தராத என் முதலாளி, கேட்காமலே லீவு கொடுத்தார். பேச்சு வார்த்தை இல்லாத பங்காளி வீட்டுப் பெண் வந்து என் துணியைத் துவைத்துப் போட்டுவிட்டுப் போனாள். அடுத்த தெருவில் ஒரு வளைகாப்பு. முன்னமே அழைத்திருந்தார்கள், போகாவிட்டால் தப்பாக நினைப்பார்களே என்று பூ வைத்துக்கொண்டு போனேன். எல்லோரும் அந்தப் பெண்ணுக்குச் சந்தனம் பூசி வளையல் போட்டார்கள். என் முறை வந்ததும் அந்தப் பெண்ணின் அம்மா என் கையைப் பிடித்து, "நீ வா கண்ணு, சமையல்கட்டுல கலந்த சாதம் சரியா இருக்குதான்னு பாரு" என்று உள்ளே இழுத்துப் போய்விட்டாள். எங்கள் இரண்டு வீட்டுக்கும் பழைய வாய்க்கால் தகராறு ஒன்று உண்டு. அதை மனதில் வைத்துக்கொண்டுதான் செய்கிறாள் என்று நினைத்து, வீட்டுக்கு வந்து அவளைத் திட்டினேன். தாலி அறுத்தவள் வளையல் போடக் கூடாது. ஆனால் தாலி அறுத்தவள் என்று என்னிடம் சொல்லவும் கூடாது. என்ன மனசு இந்த மனசு.

திருச்செங்கோட்டு மலைக்கு வண்டிப் பாதை இருந்தும் நான் படியேறித்தான் போனேன். அவர் நடந்து வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். சாமிக்குத் தெரிந்துதான் இருக்கும். சாமியும் சொல்லவில்லை.

பத்திரம் எல்லா முத்திரையும் வாங்கிக்கொண்டு கூரியரில் போய்ச் சேர்ந்தது. மேனேஜர் அதை எடுத்துக்கொண்டு உடல் இருந்த ஆஸ்பத்திரிக்கும் போலீசுக்கும் போயிருக்கிறார். மற்ற எல்லோரும் முத்திரையைப் பார்த்தார்களே, அங்கேதான் முதல் தடவையாக ஒரு ஆபீசர் உள்ளே இருப்பதைப் படித்திருக்கிறார். படித்துவிட்டு, இது உயிரோடு இருக்கிற நோயாளிக்கான பத்திரம் என்று சொல்லியிருக்கிறார். சகல அதிகாரத்தில் பாடி அடங்கவில்லை. அது மட்டும் என்றால் இன்னொரு பத்திரம் எழுதியிருக்கலாம். இந்த ஆளின் மனைவி, தன் கணவன் உயிரோடு இருக்கிறான், காலில்தான் அடி என்று இரண்டு அரசாங்கத்தின் முத்திரையோடு எழுதிக் கொடுத்திருக்கிறாள். இங்கே இருப்பது தலையில் அடிபட்ட ஒரு பிணம். அப்படியென்றால் இது அந்த ஆள்தானா என்று கேட்டிருக்கிறார். கேள்வியில் ஒரு தப்பும் இல்லை. அதற்குப் பிறகு அடையாளம் உறுதி செய்ய வேண்டும் என்று பாஸ்போர்ட், விசாரணை, அது இது என்று ஆரம்பித்துவிட்டது. எதற்கும் மனைவியின் புதுப் பத்திரம் வேண்டும், அதில் இறந்துவிட்டார் என்று தெளிவாக இருக்க வேண்டும் என்றிருக்கிறார்கள்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாள் என்பார்கள். எங்கள் ஆட்கள் அதற்கு மேலும் ஓட்டிவிட்டார்கள். அப்புறம் ஓட்ட முடியவில்லை. என் மேல் இரக்கம் வந்து அல்ல, என் கையெழுத்து இன்னொரு தடவை வேண்டும் என்பதால்தான் எனக்கு உண்மையைச் சொன்னார்கள்.

அண்ணன் காலையில் வந்தார். பின்னாலேயே அவர் சம்சாரமும் பெண்கள் சிலரும் வந்து, சொல்லாமலே என் இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள்.

"அம்மிணி, இன்னொரு கையெழுத்து வேணும்" என்றார்.

"எதுக்குங்க?"

 அண்ணன் துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். அவர் சம்சாரம்தான் சொன்னாள். பெண்களின் பிடி இறுகியது. நான் திமிறுவேன், மண்ணில் விழுந்து புரளுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள் போல. எனக்கு முதலில் அழுகை வரவில்லை. என்றைக்கு என்று கேட்டேன். சொன்னார்கள். அன்றிலிருந்து நான் வைத்த பூ, தின்ற சோறு, ஏறிய படி எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது. கோபம்தான் வந்தது. இந்த உலகத்தில் யார் மேலும் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்ததில்லை.

"மாமா, கால எடுக்கக் கூடாதுன்னு எழுதச் சொன்னப்ப நீங்க பக்கத்துலதானுங்களே நின்னீங்க?"

"நின்னேன் சாமி" என்றார்.

அதற்கு மேல் அவரிடம் கேட்க எனக்கு ஒன்றும் இல்லை. கையை விடுங்கள் என்று பெண்களிடம் சொல்லிவிட்டு, புடவை மாற்றிக்கொண்டு, நானே பஸ் ஏறி நாமக்கல் போனேன். அண்ணன் பின்னாலேயே பைக்கில் வந்தார்.

அதே வக்கீல், அதே டைப் அடிக்கிற பெண். இந்தத் தடவை படித்துப் பாருங்கள் என்று அவர் சொல்லவில்லை. நானே வாங்கிச் சத்தமாகப் படித்தேன். என் இங்கிலீஷ் உச்சரிப்பு எப்படி இருந்தாலும் சரி என்று, காலமான என் கணவர் என்று வருகிற ஒவ்வொரு இடத்தையும் படித்தேன். பக்கத்து ரூமிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"அன்னிக்கே உங்களுக்குத் தெரியுங்களா சார்?"

"உங்க ஊட்டுப் பெரியவங்க கேட்டுக்கிட்டாங்கம்மா. நீங்க தாங்க மாட்டீங்கன்னு சொன்னாங்க."

"தாங்குவனா மாட்டனான்னு என்னையக் கேட்டீங்களா?"

 வக்கீல் முத்திரையை மையில் அழுத்திப் பத்திரத்தில் வைத்தார். கட்டணம் வேண்டாம் என்றார். பணத்தை மேஜை மேல் வைத்துவிட்டு வந்தேன்.

அந்தப் பத்திரம் சென்னையில் இருக்கும்போதே மேனேஜர் அண்ணனுக்குப் போன் செய்தார். இத்தனை நாள்தான் வைத்திருப்போம் என்று பிணவறையில் ஒரு கணக்கு இருக்கிறதாம். இடம் இல்லையாம், கரன்ட் போய்ப் போய் வந்ததாம். யார் என்று முடிவாகாத உடல் என்று எழுதி, நகராட்சி ஆட்கள் எடுத்துப் போய் அடக்கம் செய்துவிட்டார்கள். மேனேஜரும் வண்டி ஆட்களும் ஓடிப் போய்க் கூட நின்றிருக்கிறார்கள், அவ்வளவுதான் முடிந்தது. ஒரு போட்டோ வந்தது. சின்ன மண்மேடு, பக்கத்தில் ரிக் ஆட்கள் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். "மண்ணு செவப்புங்க அக்கா, நம்மூரு மண்ணு மாதிரியேதான்" என்று மேனேஜர் எனக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். ஆறுதலுக்குச் சொன்னார், பாவம். என் கணவர் பேரோடு, என் பேரோடு, தெளிவாக எழுதிய இரண்டாவது பத்திரம் முத்திரையெல்லாம் வாங்கிக்கொண்டு அதற்குப் பிறகுதான் சேலம் வந்தது. அதை வாங்க நான் போகவில்லை.

போட்டோ வந்த அன்று மத்தியானமே வீட்டில் பெரியவர்கள் கூடிவிட்டார்கள். இனி என்ன செய்வது என்று பேசினார்கள். பாடி இல்லாமல் காரியம் எப்படிச் செய்வது, எந்த ஊரில் யார் எப்படிச் செய்தார்கள் என்றெல்லாம் பேச்சு போனது. பிறகு அண்ணன் சம்சாரம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எல்லாத்தையும் கொஞ்சம் தள்ளி வெச்சுக்கலாம் கண்ணு. புள்ளைக்கு அடுத்த மாசம் பரிச்ச. இப்பச் சொன்னா மார்க்கு போயிரும். நீயும் பொட்டு, தாலியெல்லாம் அப்படியே இரு. ஞாயித்துக்கெழம பாக்கப் போறப்ப அவளுக்குச் சந்தேகம் வரக் கூடாது பாரு."

"அதுதான் நல்லது" என்றார் ஒரு பெரியப்பா.

அந்த நல்லது என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது.  எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு மெயின் ரோட்டுக்கு நடந்தேன். பின்னாலிருந்து கூப்பிட்டார்கள். நாமக்கல் பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

விடுதி கேட்டில் வாட்ச்மேன் இன்றைக்குப் பார்க்கும் நாள் இல்லை என்றார். வார்டனைக் கூப்பிடுங்கள் என்று சொல்லி அங்கேயே நின்றேன். வார்டன் அம்மா வந்தார். என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். அவருக்கும் தெரிந்திருந்தது.

"உங்க வீட்டுல இருந்து பேசினாங்கம்மா. பரிட்சை முடியற வரைக்கும் சொல்ல வேண்டாம்னு..."

"அவளுக்கு வீடுன்னா நாந்தானுங்க. நான் சொல்லணும். கூப்பிடுங்க" என்றேன்.

பெற்றோர் பார்க்கும் அறையில் உட்கார வைத்தார்கள். கட்டணம் கட்ட வந்த பெற்றோர்கள் சிலர் அங்கே காத்திருந்தார்கள். எப்படித் தொடங்குவது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தது மறந்துவிட்டது. யாரும் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லக் கூடாது, நேராகச் சொல்லிவிட வேண்டும் என்பது மட்டும் மனதில் இருந்தது.

மகள் யூனிபாரத்தில் வந்தாள். கையில் மை. வந்து என் நெற்றியைப் பார்த்தாள். பொட்டு இருந்தது. கழுத்தைப் பார்த்தாள். பிறகுதான் என் முகத்தைப் பார்த்தாள்.

"சாமி, அப்பாவுக்கு..." என்று தொடங்கினேன்.

"பாடி வந்துருச்சாம்மா?" என்றாள்.

 அவளே சொன்னாள். கூடப் படிக்கிற பெண்ணின் அப்பா ரிக் ஓனராம். ரிக் ஓனர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் இவள் அப்பா படத்தைப் போட்டு அஞ்சலி என்று வந்ததை, அந்தப் பெண்ணின் அம்மா பார்க்க வந்த அன்று காட்டிவிட்டாளாம். இவள் வார்டன் ரூமுக்குப் போய்ப் பெரியப்பாவுக்கு, அதுதான் என் கணவரின் அண்ணனுக்கு, போன் செய்து கேட்டிருக்கிறாள். அவர், ஆமாம் சாமி, அம்மாகிட்ட மட்டும் சொல்லிராதே, பாடி வர வரைக்கும் தெரியக் கூடாது, தெரிஞ்சா அம்மா ஏதாவது பண்ணிக்குவா என்று சொல்லியிருக்கிறார். அது நான் கையெழுத்துப் போடுவதற்கும் முன்னால். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போன் செய்து, அப்பாவுக்குக் கால்தான், சரியாகிவிடும், நீ படி என்று சொன்னேன். அவள் சரிம்மா, சரிம்மா என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வரல சாமி" என்றேன். "இனி வரமாட்டாரு. அங்கயே அடக்கம் பண்ணிட்டாங்க."

அவள் தலையை ஆட்டினாள். கையில் இருந்த மையைத் துப்பட்டாவில் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"அப்ப இனி நான் அழுவலாமாம்மா?" என்று கேட்டாள்.

அழு என்றேன். அறையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.